துரு பிடிக்கட்டும்: குழாய்க்கிணற்று நீருக்கு ஒரு வடிகட்டி

உங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் போட்ட பிளேன்டீ மை போலக் கறுக்கிறதா? நீரில் இரும்பு கூடுதல். ஆர்சனிக் என்ற நஞ்சு அப்படிக் காட்டிக்கொடுக்காது, நிறமில்லை, மணமில்லை. ஆய்வுகூடத்தில் அளக்க வேண்டும். லீற்றருக்கு 10 மைக்ரோகிராமே எல்லை. கொதிக்க வைத்துப் பயனில்லை: நீர் வற்ற வற்ற ஆர்சனிக் செறியும்.

ஆர்சனிக்கைப் பிடிக்கும் வடிகட்டி இப்படி: 60 லீற்றர் பிளாஸ்டிக் பரல் ஒன்றின் அடியில் 5 சென்ரிமீற்றர் சல்லி, மேலே 5 சென்ரிமீற்றர் பொடிச்சல்லி, அதற்குமேல் 30 சென்ரிமீற்றர் மணல். மகாவலி ஆற்று மணல் நல்லது. நிலாவெளிக் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். உப்பும் சிப்பித்தூளும் லேசில் விடாது. 1 மில்லிமீற்றர் அரிதட்டில் சலித்து, கழுவிய நீர் தெளியும்வரை அலசுங்கள். சல்லியிலிருந்து கிளம்பும் வெளிக்குழாயின் வாய் மணல்மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் மேலே நிற்கட்டும், மணல் காயாது.

பரல் வாயில் துளையிட்ட வாளி. அதில் 5 கிலோ இரும்பு ஆணி, மேலே செங்கல் துண்டுகள். நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணி லேசில் துருவேறாது, வாங்கினால் காசு வீண். ஆர்சனிக்கைப் பிடிப்பது துருதான். அது உதிர்ந்து மணலில் தங்கும். ஆணிகள் நன்றாகத் துருவேறி, வடிநீரைச் சோதிக்கும்வரை குடிக்க வேண்டாம்.

தம்பலகாமம் போன்ற வயற்பக்கக் கிணறுகளில் கவனம்: உரத்தின் பொஸ்பேற்று துருவில் ஆர்சனிக்கின் இடத்தைப் பிடித்துவிடும். ஆகவே வடிநீரை இடைக்கிடை மீண்டும் சோதியுங்கள். ஓட்டம் குறைந்தால் மேல்மணலைக் கிளறிச் சேற்றுநீரை அள்ளுங்கள். கிணற்றடியில் மட்டும் கொட்டாதீர்கள். உவர்ப்பை இது நீக்காது.