ரவுட்டரின் மேம்பட்ட அமைப்புகள்: முகவரி முதலில், வைஃபை பிறகு

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு’ என்ற பகுதியைத் திறக்கும் பலரும் நேராக வயர்லெஸ் பக்கத்துக்குச் சென்று சேனலை, அதாவது வைஃபை இயங்கும் அலைப்பகுதியை, மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது. வீட்டுக் கருவிகளுக்கான முகவரி முறையை மாற்றும்போது எல்லாக் கருவிகளும் ஒருமுறை துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைய வேண்டியிருக்கும். வைஃபையை நுணுக்கமாகச் சரிசெய்து முடித்த பிறகு இதைச் செய்தால், ஒரு கருவி இணையாததற்குக் காரணம் சேனலா, குறியாக்கமா, முகவரியா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

தொடங்கும் முன் கணினியை ஈதர்நெட் கேபிள் மூலம் ரவுட்டருடன் இணைத்துக்கொள்ளுங்கள். வைஃபை வழியாக நுழைந்து வைஃபை அமைப்பையே மாற்றுவது, நுனிக்கொம்பில் அமர்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டுவது போன்றது. கணினியின் இணைப்பு விவரத்தில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று காட்டப்படும் எண்ணே ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். அதைப் பிரவுசரில் தட்டச்சு செய்து உள்ளே சென்றதும், ‘பேக்கப்’ வசதியைக் கொண்டு தற்போதைய அமைப்பைக் கோப்பாகச் சேமியுங்கள். இணைய சேவை நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனியே எழுதி வையுங்கள். ரவுட்டரை ரீசெட் செய்ய நேர்ந்தால் அவை இல்லாமல் இணையம் திரும்பி வராமல் போகலாம்.

உள் வலையமைப்பு

தனியார் வலையமைப்புகளுக்கென்று 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் மூன்று முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எதையும் நீங்கள் பயன்படுத்தலாம். இருப்பதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். இணைய சேவை நிறுவனத்தின் மோடமும் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் ஒரே 192.168.1 தொகுதியைப் பயன்படுத்தினால், எந்தப் பக்கத்துக்குத் தரவை அனுப்புவது என்று ரவுட்டர் தடுமாறும். அலுவலக வலையமைப்பில் விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும் பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாக நுழைபவர்களுக்கும், இரு பக்கத்திலும் ஒரே தொகுதி இருந்தால் இதே சிக்கல் வரும். எனவே லேன், அதாவது உள் வலையமைப்புக்கான பக்கத்தில் ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 என்பது போல அதிகம் புழங்காத எண்ணாக மாற்றுங்கள்; சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றே இருக்கட்டும். ரவுட்டரையும் சேர்த்து 254 முகவரிகள் கிடைக்கும், அது ஒரு வீட்டுக்குத் தாராளம். சேமித்தவுடன் பக்கம் உறைந்து நின்றுவிடும். அது கோளாறன்று, கேபிளைக் கழற்றி மறுபடி செருகிவிட்டு, புதிய முகவரியைத் தட்டச்சு செய்தால் போதும்.

அடுத்தது டிஎச்சிபி, அதாவது கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் பணி. வழங்கும் எல்லையை 100 முதல் 199 வரை என்று வரையறுத்துவிட்டால், 2 முதல் 99 வரையிலான எண்கள் பிரிண்டர், கேமரா, கோப்புச் சேமிப்புக் கருவி போன்ற நிலையான முகவரி தேவைப்படுபவற்றுக்கு மிஞ்சும். அந்த முகவரியைக் கருவிக்குள் சென்று எழுதுவதைவிட, ரவுட்டரின் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பட்டியலில் மேக் முகவரியோடு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் அடையாள எண்) சேர்த்துப் பதிவு செய்வதையே நான் விரும்புவேன். எல்லாம் ஓரிடத்தில் இருக்கும், பின்னாளில் தேட வேண்டியதில்லை. சில ரவுட்டர்கள் வழங்கும் எல்லைக்குள் இருக்கும் எண்ணை மட்டுமே இப்பட்டியலில் ஏற்கும் என்பதால், சேமிக்க மறுத்தால் எல்லையை விரித்துப் பாருங்கள். ஃபோன்களுக்கு முகவரி ஒதுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து ஃபோன்கள் தம் உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாகப் புனைவான ஒன்றைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் வலையமைப்புக்கு மட்டும் அதை நிறுத்தாவிட்டால் ஒதுக்கீடு ஒருநாள் பலிக்காமல் போகலாம்.

வீட்டின் மறுகோடிக்காகப் பழைய ரவுட்டர் ஒன்றையும் சேர்த்திருந்தால், அதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு, அதாவது முகவரி வழங்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறைக்கு, மாற்றுங்கள். அந்த முறை இல்லையென்றால் அதன் லேன் முகவரியை 192.168.50.2 என்று மாற்றி, டிஎச்சிபியை நிறுத்தி, முதன்மை ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்கள். ஒரே வலையமைப்பில் இருவர் முகவரி வழங்கினால், சில கருவிகளுக்கு இணையம் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது, மறுநாள் அது இடம் மாறும்.

வைஃபை

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல்கள் வெறும் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்க, ஒவ்வோர் இணைப்பும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே ஒன்றின் மேல் ஒன்று விழாமல் நிற்பவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. இவை மூன்றிலும் பக்கத்து வீட்டாரின் வைஃபை இருப்பதைக் கண்டு, 3 அல்லது 4 காலியாக இருக்கிறதே என்று அங்கே போவது தவறு. ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்டு, முறைவைத்துப் பேசும். பாதி ஒட்டிய சேனலில் இருந்தாலோ அது பேச்சாகப் புரியாது, இரைச்சலாக மட்டுமே விழும். எனவே நெரிசல் இருந்தாலும் மூன்றில் ஒன்றில், சிக்னல் மிக வலுவற்றதாகத் தெரியும் வீட்டுக்காரர் இருக்கும் சேனலில் இருப்பதே மேல். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 என்று வைத்தால் அலைவரிசையின் பாதியை ஒருவரே வளைத்துப்போட்டது போலாகும், அக்கம்பக்கத்தில் ரவுட்டர்கள் இருக்கும் இடத்தில் வேகமும் பெரும்பாலும் கூடாது.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம் என்பதால் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் பொருத்தமானது. 36 முதல் 48 வரையிலான நான்கு சேனல்கள் சேர்ந்து ஒரு 80 ஆகின்றன. 52 முதல் 144 வரையிலானவை பல நாடுகளில் ராடாருடன் பகிரப்படுகின்றன. ரவுட்டர் அவற்றில் ஒலிபரப்பும் முன் குறைந்தது 60 நொடி செவிமடுக்க வேண்டும், ராடார் தென்பட்டால் உடனே விலக வேண்டும். 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேர்ந்தெடுத்த பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் திடீரென்று மறைந்து சற்று நேரம் கழித்து வந்தால், காரணம் பெரும்பாலும் இதுவே; அவ்வளவு அகலம் 48-ஐத் தாண்டி இந்தச் சேனல்களுக்குள் நீளும்.

ஒலிபரப்புத் திறனை உச்சத்தில் வைப்பதால் எப்போதும் நன்மை விளையாது. ரவுட்டரின் குரல் ஃபோனை எட்டினாலும் ஃபோனின் மெல்லிய குரல் ரவுட்டரை எட்டாமல் போகலாம். திரையில் முழுக் கோடுகள் தெரியும், ஃபோனிலிருந்து படத்தைப் பதிவேற்ற மட்டும் முடியாது. பீக்கன் இடைவெளி, ஆர்டிஎஸ் வரம்பு போன்ற எண்களை இருந்தபடியே விட்டுவிடுங்கள்.

குறியாக்கத்தில், வைஃபை பாதுகாப்பு முறைகளுள் புதியதான டபிள்யூபிஏ3 கிடைத்தால் அதையும், பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறையையும் தேர்ந்தெடுங்கள்; கலந்த முறையிலும் இணைய மறுக்கும் பழைய கருவிகள் உண்டு, அவற்றுக்கு ஏஇஎஸ் என்ற குறியாக்கத்துடன் கூடிய டபிள்யூபிஏ2 போதும். டிகேஐபி என்ற பழைய முறை பாதுகாப்பற்றது மட்டுமன்றி, வேகத்தையும் விநாடிக்கு 54 மெகாபிட்டுக்குள் கட்டிவிடும். டபிள்யூபிஏ2 இணைப்பின் தொடக்க உரையாடலைப் பதிவு செய்துகொண்ட ஒருவர், பிறகு தம் வீட்டில் அமர்ந்தே கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க முடியும் என்பதால், 8 எழுத்து என்ற குறைந்தபட்ச அளவோடு நின்றுவிடாதீர்கள்; 63 எழுத்து வரை இடமிருக்கிறது. கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமல் பொத்தான் அல்லது பின் எண் மூலம் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்துங்கள். அதன் 8 இலக்க பின் எண்ணை இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியானது. வைஃபை பெயரை மறைத்துவைத்தால் பாதுகாப்பு கூடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். மறைந்த பெயரைத் தேடி உங்கள் ஃபோன் போகுமிடமெல்லாம் அதை உரக்கச் சொல்லிக்கொண்டே போகக்கூடும்.

விருந்தினருக்கும், நம்பகம் குறைந்த ஸ்மார்ட் கருவிகளுக்கும் ‘கெஸ்ட்’ வலையமைப்பைத் திறந்துவிடுங்கள். அதிலிருந்து வீட்டுப் பிரிண்டரையோ தொலைக்காட்சியையோ அணுக முடியாது, அணுகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். முதன்மை வலையமைப்பிலேயே பிரிண்டர் தென்படவில்லையென்றால், வைஃபை கருவிகளை ஒன்றையொன்று அணுகவிடாமல் தடுக்கும் ‘ஏபி ஐசொலேஷன்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியிலிருந்து வீட்டுக் கருவியை அணுக ‘போர்ட் ஃபார்வர்டிங்’ (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்ய நினைப்பவர்கள் முதலில் ரவுட்டரின் வேன் முகவரியை, அதாவது இணையப் பக்கத்து முகவரியை, பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பொருள். நீங்கள் திறக்கும் கதவுக்கு வெளியே இன்னொரு பூட்டிய கதவு இருப்பதால், சேவை நிறுவனத்திடம் தனி முகவரி கேட்டுப் பெறாமல் அது வேலை செய்யாது. வெளியிலிருந்து அணுகும் தேவையே இல்லாதவர்கள், கேட்காமலேயே போர்ட்டுகளைத் திறந்துவிடும் யூபிஎன்பியையும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ வசதியையும் நிறுத்திவிட்டு, புதிய அமைப்பை இன்னொரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். பழைய கோப்பை அழிக்க வேண்டாம்.