கலம் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தேயிலை மலையிலிருந்து சில உதாரணங்கள்

சாதாரண தர விஞ்ஞானமோ உயர்தர உயிரியலோ, கலம் என்றதும் பிள்ளைகளின் மனதில் வருவது ஒரே படம்தான். இடப்பக்கம் வட்டமாக விலங்குக் கலம், வலப்பக்கம் பெட்டி மாதிரித் தாவரக் கலம், இரண்டையும் சுற்றிப் பெயர் குறித்த கோடுகள். அந்தப் படத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. அதில் காட்டிய எல்லாப் புன்னங்கங்களையும் (கலத்தின் உள்ளுறுப்புகளையும்) அப்படியே வைத்திருக்கும் கலத்தை எந்த உயிரிலும் தேடிப் பிடிக்க முடியாது. பல வகைக் கலங்களில் காண்பவற்றைத் திரட்டி வரைந்த படம் அது. திரட்டு என்று தெரிந்து படித்தால் பரவாயில்லை. உண்மைக் கலத்தின் புகைப்படம் என்று நினைத்துப் படித்தால்தான் பரீட்சைத் தாளில் சிக்கல். ஹட்டன், தலவாக்கலை, வெலிமடைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: இந்தத் தவறுகளைத் திருத்திக்கொள்ளத் தேவையான பொருள்கள் வீட்டைச் சுற்றியே கிடக்கின்றன.

பச்சையவுருமணி எல்லாத் தாவரக் கலத்திலும் இருக்குமா?

இருக்காது. வெங்காயத் தோலை உரித்துப் பார்த்தால், ஒளித்தொகுப்பு நடக்கும் அந்தப் பச்சைப் புன்னங்கம் ஒன்றுகூடத் தெரியாது. தேயிலை வேரிலும் இல்லை, மண்ணுக்குள் கிடக்கும் உருளைக்கிழங்கிலும் இல்லை. ஒளியே படாத இடத்தில் ஒளித்தொகுப்புக்கு என்ன வேலை? உருளைக்கிழங்குக் கலங்களில் உள்ளவை மாப்பொருளைச் சேமிக்கும் நிறமற்ற உருமணிகள். ஆனால் அதே கிழங்கைச் சில நாட்கள் வெளிச்சத்தில் போட்டு வைத்தால் தோலின் கீழே பச்சை ஏறும். நிறமற்ற உருமணிகள் ஒளி பட்டுப் பச்சையவுருமணிகளாக மாறுவதுதான் காரணம். பச்சை ஏறிய கிழங்கைச் சமைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்வது சரிதான். அதில் சொலனின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும். பச்சையம் நஞ்சு என்று எழுதிவிட வேண்டாம், இரண்டும் வேறு வேறு. வெளிச்சத்தில் சேர்ந்து கூடுகின்றன, அவ்வளவுதான்.

நிறம் எங்கே கண்டாலும் உருமணி என்று எழுதுவதும் அடிக்கடி வரும் பிழை. கரட்டின் செம்மஞ்சள் நிறம் உருமணிகளில் இருக்கிறது, உண்மை. பீட்ரூட்டின் சிவப்பு அப்படியல்ல. அது கலத்தின் சாறு நிறைந்த பையான புன்வெற்றிடத்துக்குள் கரைந்திருக்கும் நிறப்பொருள். வெட்டிய துண்டைக் குளிர்நீரில் கழுவினால், வெட்டுப்பட்ட கலங்களில் இருந்த சாயம் போனதும் நீர் தெளிந்துவிடும். அவித்தால் பானை முழுக்கச் சிவப்பு, ஏனென்றால் சூட்டில் மென்சவ்வுகள் சிதைந்து எதையும் உள்ளே பிடித்துவைக்க முடியாமல் போகின்றன.

தாவரக் கலத்தில் இழைமணி இல்லை என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இலை பகலில் உணவு தயாரிக்கிறது, சரி. அந்த உணவை உடைத்துச் சக்தியாகப் பயன்படுத்த இழைமணி வேண்டும். சுவாசம் இரவும் பகலும் நடக்கும். அதேபோல், கரு இல்லாத கலமே கிடையாது என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். நம் முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் கரு இல்லை. தாவரத்தில் உணவைக் கடத்தும் நெய்யரிக்குழாய் மூலகத்திலும் இல்லை, ஆனாலும் அது உயிருள்ள கலம்.

கண்ணில் படாததை வரைவது

செய்முறை வகுப்பில் அதிகம் காணும் தவறு இதுதான் என்பது என் கணிப்பு. வெங்காய மேற்றோலை அயடீன் இட்டு நுணுக்குக்காட்டியில் வைப்பார்கள். பிறகு கண்ணை எடுத்துவிட்டு, புத்தகப் படத்தை நினைவிலிருந்து வரைவார்கள்: இழைமணி, கொல்கியுடல், இறைபோசோம் எல்லாம் வந்துவிடும். பாடசாலை நுணுக்குக்காட்டியில் இவை தெரியாது. இறைபோசோம் எந்த ஒளி நுணுக்குக்காட்டிக்கும் அகப்படாத அளவுக்குச் சிறியது, அதற்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி தேவை. அந்த வழுக்கியில் தெரிவது கலச்சுவர், குழியவுரு, மஞ்சள் கலந்த கபிலமாகச் சாயமேறிய கரு. பெரும்பாலும் கரு ஓரமாக ஒதுங்கி இருக்கும். நடுவில் பெரிய புன்வெற்றிடம் இடம்பிடித்திருப்பதே அதற்குக் காரணம். ஒதுங்கிய கருவை நடுவில் இழுத்து வைத்து வரையாதீர்கள்.

அயடீன் இட்டதால் வெங்காயக் கலம் கருநீலமானது என்று எழுதுவதும் பார்க்காமல் எழுதுவதுதான். வெங்காயம் தன் உணவை மாப்பொருளாகச் சேமிப்பதில்லை. கருநீலம் பார்க்க ஆசையென்றால் உருளைக்கிழங்கைச் சுரண்டி வையுங்கள். அப்புறம் இன்னொன்று: கறுத்த விளிம்போடு, அச்சில் வார்த்ததுபோல் வட்டமாகத் தெரிவது கலம் அல்ல, வளிக்குமிழி. மூடித்துண்டை ஒரு பக்கமாகச் சரித்து மெல்ல இறக்கினால் அந்தத் தொல்லை குறையும்.

சுவர், மென்சவ்வு, நீர்

தாவரக் கலத்தைச் செறிந்த உப்புக் கரைசலிலோ சீனிக் கரைசலிலோ இட்டால் நீர் வெளியேறி முதலுருச்சுருக்கம் நடக்கும். அதைக் கலம் சுருங்குவது என்று பலர் எழுதுகிறார்கள். சுருங்குவது சுவருக்கு உள்ளே இருக்கும் உயிர்ப்பகுதியான முதலுரு. மென்சவ்வு சுவரைவிட்டு விலகி உள்ளே போகும், சுவர் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும். அப்படியானால் சுவருக்கும் மென்சவ்வுக்கும் நடுவில் உண்டான இடைவெளியில் என்ன இருக்கிறது? வெற்றிடம், வளி என்று விடை வந்தால் புள்ளி போய்விடும். கலச்சுவர் கரைசலை உள்ளே விடும். ஆகவே வெளியில் இருக்கும் உப்புக் கரைசலோ சீனிக் கரைசலோதான் அந்த இடத்தை நிரப்பியிருக்கும். இந்த ஒரு கேள்விக்குச் சரியாக விடை எழுதும் பிள்ளைக்குச் சுவருக்கும் மென்சவ்வுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மரக்கறித் தோட்டத்தில் மண் காய்ந்திருக்கும்போது உரத்தை அள்ளிப் போட்டால் செடி வாடிக் கருகுவதும் இதே பிரசாரணத்தால், அதாவது மென்சவ்வினூடாகச் செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் போவதால்தான். உரம் கரைந்த மண்நீர் வேர்க் கலத்தின் சாற்றைவிடச் செறிவாகிவிடுகிறது. உள்ளே வரவேண்டிய நீர் வெளியே போகிறது. மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டைக்கு உப்பைப் போட்டால் அது சுருங்கிப்போவதற்கும் நீரிழப்புத்தான் காரணம். ஆனால் அங்கே முதலுருச்சுருக்கம் என்ற சொல்லை எழுதக் கூடாது. விலங்குக் கலத்துக்குச் சுவர் இல்லை, மென்சவ்வு விலகிப்போவதற்கு ஒன்றும் இல்லை.

சரி, கலச்சுவர் இருந்தால் அது தாவரமா? இதுவும் தவறு. இளங்கொழுந்தில் கொப்புளம் போடும் நோயைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்து சேர்ந்த அந்த நோயை உண்டாக்குவது எக்ஸோபசிடியம் வெக்சன்ஸ் என்ற பங்கசு. பங்கசின் கலத்துக்கும் சுவர் உண்டு, ஆனால் அது கைற்றினால் ஆனது. தேயிலைக் கலத்தின் சுவர் செலுலோசு. பற்றீரியாவுக்கும் சுவர் உண்டு, அதன் பொருள் இன்னும் வேறு. விடையில் சுவர் என்று மட்டும் எழுதாமல் எதனால் ஆன சுவர் என்றும் எழுதுங்கள்.

நுவரெலியாவில் தை, மாசிக் காலத்தில் உறைபனி விழுந்த மறுநாள் தேயிலை இலைகள் கருகிப்போயிருக்கும். கலத்துக்குள் நீர் உறைந்து, பனிக்கட்டி வீங்கி, கலம் வெடித்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இயற்கையில் வெப்பநிலை மெதுவாக இறங்கும்போது பெரும்பாலும் முதலில் உறைவது கலங்களுக்கு வெளியே, அவற்றின் இடைவெளியில் உள்ள நீர். அங்கே பனிக்கட்டி உண்டானதும் கலத்துக்குள் உள்ள நீர் அதை நோக்கி வெளியேறுகிறது. கலம் உலர்ந்து, மென்சவ்வு பழுதாகிறது. குளிரால் செத்த கலம் ஒரு வகையில் வறட்சியாலும் செத்ததுதான்.

தொழிற்சாலையில் கலத்தை உடைப்பது

கறுப்புத் தேயிலைக்கு அந்த நிறம் பற்றீரியாவாலும் மதுவத்தாலும் வருகிறது என்று நினைப்பவர்கள் தொழிற்சாலையை ஒட்டிய லயங்களிலேயே இருக்கிறார்கள். நுண்ணங்கிக்கு இதில் வேலையில்லை. கொழுந்தின் கலத்தில் கற்றெக்கின் என்ற பொருள்கள் புன்வெற்றிடத்துக்குள் இருக்கின்றன. அவற்றை ஒட்சியேற்றும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் புன்வெற்றிடத்துக்கு வெளியே இருக்கிறது. நடுவில் மென்சவ்வு. கொழுந்து செடியில் நிற்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. வாட்டிய கொழுந்தை ரோலரில் போட்டு உருட்டும்போது மென்சவ்வுகள் கிழிகின்றன, நொதியமும் கற்றெக்கினும் கலக்கின்றன, காற்றின் ஒட்சிசன் சேர்கிறது. பச்சை செம்பு நிறமாகி மணமும் பிறக்கிறது. பிறகு சூடேற்றி உலர்த்தும்போது நொதியம் செயலிழந்து வேலை நிற்கிறது. பச்சைத் தேயிலைக்கு இதை முதலிலேயே செய்துவிடுகிறார்கள்: நீராவியிலோ சூட்டிலோ நொதியத்தை முடக்கிவிட்டுத்தான் உருட்டுகிறார்கள். ஒரே செடி, ஒரே கொழுந்து.

மென்சவ்வின் தொழில் என்ன என்று கேட்டால், பொருள்களை உள்ளே விடுவதும் வெளியே விடுவதும் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். சேரக் கூடாதவற்றைச் சேரவிடாமல் வைப்பதும் அதன் தொழில். ரோலர் அறையில் ஒருமுறை மூக்கை நீட்டினால் இது மறக்காது.

பிரிவு: எண்ணிக்கையில் வரும் குழப்பம்

புதிய கலம் எங்கிருந்து வருகிறது என்பதில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். தாவரங்கள் கலங்களால் ஆனவை என்று 1838இல் சொன்ன தாவரவியலாளர் ஷ்லைடன், புதிய கலம் பாயத்துக்குள் கருவைச் சுற்றித் திரண்டு உருவாகிறது என்று நம்பினார். கலம் கலத்திலிருந்தே வரும் என்று மருத்துவர் விர்கோ 1855இல் அழுத்திச் சொன்ன பிறகுதான் அது நிலைபெற்றது.

ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடைப்பட்ட இடையவத்தையை ஓய்வுக் காலம் என்று எழுதுவது முதல் தவறு. கலம் வளர்வதும் டி.என்.ஏ இரட்டிப்பதும் அப்போதுதான். வெங்காய வேர்நுனியைச் சாயமிட்டு நசுக்கிப் பார்த்தாலும் பெரும்பாலான கலங்கள் இடையவத்தையில்தான் இருக்கும். பிரியும் கலமே காணவில்லை என்றால், வேரை நீளமாக வெட்டியிருப்பீர்கள். நுனியின் சில மில்லிமீற்றருக்கு மேலே போனால், கலங்கள் பிரியும் பகுதியான பிரியிழையம் முடிந்துவிடும்.

அடுத்தது, கருவில் டி.என்.ஏயைத் தாங்கும் நிறமூர்த்தங்களை எண்ணுவது. தேயிலையின் இருமடிய எண், அதாவது உடற்கலம் ஒன்றில் உள்ள நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை, 30. டி.என்.ஏ இரட்டித்ததும் 60 ஆகிவிட்டது என்று பத்தில் ஏழு பேராவது எழுதுவார்கள் என்று பந்தயம் கட்டலாம். ஆகாது. ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் இப்போது அரைநிறவுருக்கள் என்ற இரண்டு ஒத்த இழைகள், ஆனால் இரண்டும் மையப்பாத்தில் இணைந்தே இருக்கின்றன. நாம் எண்ணுவது மையப்பாத்துகளை. ஆக இழையுருப்பிரிவு என்ற சாதாரணக் கலப்பிரிவின் முற்கட்டங்களான முன்னவத்தையிலும் அனுவவத்தையிலும் 30 நிறமூர்த்தம், 60 அரைநிறவுரு. அடுத்த கட்டமான மேன்முகவவத்தையில் அவை பிரிந்ததும் ஒவ்வொன்றும் தனி நிறமூர்த்தம், அந்தச் சிறிது நேரம் மட்டும் கலத்தில் 60. கலம் இரண்டானதும் ஒவ்வொன்றிலும் 30.

இனப்பெருக்கத்துக்கென எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவில் டி.என்.ஏ இரட்டிப்பது ஒரேயொரு தடவை, பிரிவது இரண்டு தடவை. எண்ணிக்கை பாதியாவது முதற் பிரிவில். அமைப்பொத்த நிறமூர்த்தங்கள் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) சோடி சேர்ந்து, பின் ஆளுக்கொரு பக்கம் போவதால் ஒவ்வொரு கலத்துக்கும் 15 கிடைக்கும், ஒவ்வொன்றிலும் இன்னும் இரண்டு அரைநிறவுருக்கள். இரண்டாம் பிரிவில் அந்த அரைநிறவுருக்கள் பிரியும், எண் 15 ஆகவே இருக்கும். இரண்டாம் பிரிவில்தான் பாதியாகிறது என்று எழுதாதீர்கள். இழையுருப்பிரிவில் அமைப்பொத்தவை சோடி சேர்வதாகப் படம் வரைவதும் இதே குழப்பத்தின் மறுபக்கம்.

இழையுருப்பிரிவு, ஒடுக்கற்பிரிவு இரண்டின் பயனையும் பார்க்க வேண்டுமானால் பழைய விதைத் தேயிலை மலையையும், துண்டிலிருந்து பெருக்கிய வீ.பி. மலையையும் அடுத்தடுத்துப் பாருங்கள். விதைத் தேயிலையில் பக்கத்துப் பக்கத்துச் செடிகளே ஒன்றுபோல் இருக்காது. இலையின் அளவும் நிறமும் கொழுந்து வரும் வேகமும் மாறும். ஒவ்வொரு விதையும் ஒடுக்கற்பிரிவையும் அயன்மகரந்தச் சேர்க்கையையும் கடந்து வந்தது. வீ.பி. தேயிலை, ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை நாற்றுமேடையில் வேர்விட வைத்து உண்டாக்குவது. வேரானாலும் தண்டானாலும் முழுக்க இழையுருப்பிரிவு. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.ஆர்.ஐ. 2025 போன்ற ஒரு வகையை நட்ட மலையில் எல்லாச் செடிகளும் ஏறத்தாழ ஒரே பரம்பரையமைப்பு. எப்போதாவது விகாரம் நேரலாம் என்பதால்தான் ஏறத்தாழ என்கிறேன். பலனும் ஒன்றுபோல் வரும், ஒரு நோய் அந்த வகைக்குப் பிடித்துப்போனால் அடியும் ஒன்றுபோல் விழும்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஒடுக்கற்பிரிவு நேரே புணரியை (இனப்பெருக்கக் கலத்தை) தருகிறது என்பது விலங்குகளுக்குச் சரி. தேயிலைப் பூவின் மகரந்தக்கூட்டில் அது தருவது பாதி எண்ணிக்கை நிறமூர்த்தங்களுள்ள, அதாவது ஒருமடிய, நுண்வித்திகளை. அவை மகரந்தமணிகளாகி, உள்ளே இழையுருப்பிரிவு நடந்த பிறகே ஆண் புணரி வருகிறது. ஆகவே இழையுருப்பிரிவு இருமடியக் கலத்தில் மட்டும்தான் நடக்கும் என்பதும் தவறு.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விலங்குக் கலத்தில் கதிரின் முனைகளில் காணும் புன்மையத்தி உயர் தாவரக் கலத்தில் இல்லை, ஆனாலும் நிறமூர்த்தங்களைப் பிரித்து இழுக்கும் கதிர் உண்டாகும். குழியவுரு பிரியும்போது விலங்குக் கலம் வெளியிலிருந்து உள்நோக்கி இடுங்கும், தாவரக் கலத்தில் புதிய சுவரின் தொடக்கமான கலத்தட்டு நடுவிலிருந்து சுவரை நோக்கி விரியும். தாவரக் கலத்தை இடுப்பு ஒடுங்கியதுபோல் வரைந்தால் புள்ளி இல்லை.

நல்ல மழைக்குப் பிறகு கொழுந்து மளமளவென்று வருகிறதே, அதற்குக் காரணம் கலப்பிரிவு மட்டும் என்று எழுதுவதும் அரைகுறை விடைதான். அரும்பின் நுனியில் பிரிவு நடக்கிறது, உண்மை. ஆனால் இலை விரிந்து பெரிதாவதில் பெரும்பங்கு, ஏற்கெனவே பிரிந்து முடிந்த கலங்கள் புன்வெற்றிடத்தில் நீரை ஏற்றி, சுவரை இழுத்து நீளுவதால் வருவது. கேள்வியில் வளர்ச்சி என்று இருந்தால் பிரிவு, நீட்சி இரண்டையும் எழுதுங்கள்.