ஆன்லைனில் புது கார் விலை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பெங்களூர்த் தமிழர்களுக்கு

புது கார் வாங்க நினைக்கும் யாரும் இப்போது நேராக ஷோரூமுக்குப் போவதில்லை. அல்சூரோ, ராமமூர்த்தி நகரோ, எலெக்ட்ரானிக் சிட்டியோ, வீட்டில் உட்கார்ந்தபடியே கார்தேகோ, கார்வாலே மாதிரி ஒரு தளத்தைத் திறந்து ஆன்-ரோடு விலை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்த விலை) பார்க்கிறோம். அப்புறம் இன்சூரன்ஸுக்கு ஒரு தளம், லோனுக்கு ஒரு தளம். நல்ல வசதிதான், கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அங்கே தெரியும் தொகை உங்களுக்கென்று டீலர் கையெழுத்துப் போட்டுத் தந்த விலை இல்லை. கம்பெனியின் எக்ஸ்-ஷோரூம் விலை (ஜி.எஸ்.டி. சேர்ந்த, பதிவும் இன்சூரன்ஸும் சேராத விலை), மாநில வரி, உத்தேசமான ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம் ஆகியவற்றைக் கூட்டிக் காட்டுகிறார்கள். இதில் ஒன்று பிசகினாலும் மொத்தக் கணக்கும் பிசகிவிடும்.

முதலில் பிசகுவது தேதி. 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. மாறியது. நான்கு மீட்டர் நீளத்துக்குள் இருந்து, பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி. தாண்டாத கார்களுக்கு 18 சதவீதம்; அதைவிடப் பெரிய கார்களுக்கு 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தது. ஆகவே அந்தத் தேதிக்கு முன் எழுதிய கட்டுரையிலோ, எடுத்த வீடியோவிலோ பார்த்த விலையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசப் போகாதீர்கள். ஜனவரியில் விலை ஏற்றுவதும் பல கம்பெனிகளுக்கு வழக்கம். டிசம்பரில் புக் செய்து பிப்ரவரியில் டெலிவரி எடுத்தால், பெரும்பாலும் டெலிவரி நாள் விலையைத்தான் கேட்பார்கள். புக்கிங் படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் அது அச்சாகியிருக்கும்.

அடுத்தது ஊர். நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அத்திபெலே பக்கம் குடியிருந்தால் சில நேரம் போன் தானாகவே ஓசூரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். உடனே தமிழ்நாட்டு வரி போட்ட விலை திரையில் வரும். மேலே எந்த ஊர் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கீழே விலையைப் பார்க்க வேண்டும்.

"தமிழ்நாட்டில் வாங்கினால் வரி மிச்சம்" என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அது பழைய கதை. 2023 நவம்பரில் தமிழ்நாடு, பதிவின்போது கட்டும் ஆயுட்கால வரியை உயர்த்திவிட்டது: காரின் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. கர்நாடகத்தில் பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஆயுட்கால வரி முறையே 13, 14, 17, 18 சதவீதம்; அந்த வரியின் மேல் செஸ் தனி. செஸ்ஸையும் சேர்த்தால் கர்நாடகத்தில் கொஞ்சம் கூடுதலாக வரலாம், ஆனால் வித்தியாசம் முன்பு போலப் பெரிதில்லை. அதற்காக டி.என். நம்பர் போட்டு பெங்களூரில் ஓட்ட நினைத்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டியை அந்த மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும். கர்நாடக வரி கட்ட வேண்டும், ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெற அலைய வேண்டும். சேலத்திலோ வேலூரிலோ அப்பா அம்மா ஓட்டப் போகும் கார் என்றால் அங்கே வாங்குங்கள். தினமும் சில்க் போர்டு தாண்டி ஆபீஸ் போகும் கார் என்றால் இங்கேயே பதிவு செய்துவிடுங்கள். ஆதார் முகவரி ஊரிலேயே இருந்தால், வாடகை ஒப்பந்தம் போதுமா, வேறு என்ன தாள் வேண்டும் என்று புக்கிங் பணம் கட்டும் முன்பே டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி விகிதத்தில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒப்பீட்டுத் தளங்களில் ஒரே காரின் இரண்டு வேரியன்ட் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று 9 லட்சத்து 95 ஆயிரம், இன்னொன்று 10 லட்சத்து 5 ஆயிரம் என்று வையுங்கள். "பத்தாயிரம்தானே, மேல் மாடலே எடுத்துவிடலாம்" என்று தோன்றும். பெங்களூரில் முதல் காருக்கு 14 சதவீதம் என்றால் வரி 1,39,300 ரூபாய். இரண்டாவதுக்கு 17 சதவீதம், அதாவது 1,70,850. வரியில் மட்டும் 31,550 ரூபாய் கூடிவிட்டது, செஸ் இன்னும் சேரவில்லை. தமிழ்நாட்டில் 13-லிருந்து 18-க்குத் தாவுவதால் இதே இடத்தில் 51,550 ரூபாய் கூடும். போதாததற்கு, 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு டீலர் 1 சதவீதம் டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார். அது உங்கள் பான் கணக்கில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் கார் எடுக்கும் நாளில் கையிலிருந்து போகும் பணம் அது. எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிட்டு வேரியன்ட் முடிவு செய்யாதீர்கள் என்பது இதனால்தான்.

டீலர் தரும் கொட்டேஷன்

தளத்தில் பார்த்த மொத்தத்தையும் டீலர் சொன்ன மொத்தத்தையும் பக்கத்தில் வைத்து "நாற்பதாயிரம் அதிகமாகச் சொல்கிறார்" என்று சண்டைக்குப் போவது பலர் செய்யும் தவறு. ஒவ்வொரு இனமாக ஒப்பிட்டால்தான் எங்கே அதிகம் என்று தெரியும். ஷோரூம் முத்திரையோடு எழுத்தில் கொட்டேஷன் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒற்றை எண்ணாக அனுப்பினால் ஏற்காதீர்கள். அந்தத் தாளில் எக்ஸ்-ஷோரூம், ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், பாஸ்டேக், லோன் இருந்தால் ஹைபாதிகேஷன் (கார் மீது கடன் இருப்பதைப் பதிவதற்கான) கட்டணம் ஆகியவை இருக்கும். 10 லட்சத்துக்கு மேல் என்றால் டி.சி.எஸ். இவை இருந்தே ஆக வேண்டியவை. எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆக்சஸரீஸ் பேக், டெஃப்லான் கோட்டிங் எல்லாம் உங்கள் விருப்பம். மேட், மட்ஃபிளாப், சீட் கவர் என்று இருபது முப்பதாயிரத்துக்கு ஒரு "பேசிக் கிட்" சேர்த்திருந்தால், வேண்டாதவற்றை நீக்கச் சொல்லுங்கள்.

"ஹேண்ட்லிங் சார்ஜ்", "லாஜிஸ்டிக்ஸ்", "டெப்போ சார்ஜ்" என்று ஏதாவது எழுதியிருந்தால் விரலை வைத்து, இது எதற்கு என்று கேளுங்கள். இது அரசுக் கட்டணம் இல்லை, நீங்கள் தந்தே ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை. அழுத்திக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். எடுக்க மறுத்தால் அந்தக் கட்டணம் இருக்கும் தாளையே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யும்போது அது உதவும். பதிவு முடிந்ததும் வரி ரசீதின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கொட்டேஷனில் வரியை ரவுண்டாக உயர்த்திப் போட்டிருந்தால், ரசீதுத் தொகை போக மீதி உங்கள் பணம்.

இன்சூரன்ஸ்

என் கணக்கில் புது கார் வாங்குபவர்கள் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். பாதிப் பேர் டீலர் சொன்னதை அப்படியே எடுக்கிறார்கள். மீதிப் பேர் ஆன்லைனில் எது குறைவோ அதை எடுக்கிறார்கள். இரண்டுமே தவறு.

புது காருக்கு வழக்கமாக ஓராண்டு சொந்த சேதக் காப்பீடும் (உங்கள் காரின் சேதத்துக்கு) மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடும் (உங்கள் காரால் பிறருக்கு நேரும் இழப்புக்கு) சேர்ந்து வரும். மூன்றாண்டு என்பது உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். மூன்றாம் நபர் பிரீமியத்தில் ஒப்பிட ஒன்றுமே இல்லை, அதை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூனில் வந்த அறிவிப்பின்படி மூன்றாண்டுக்கு, 1000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1500 சி.சி. வரை 10,640, அதற்கு மேல் 24,596, வரி தனி. எந்தக் கம்பெனியிடம் போனாலும் இதே தொகைதான். எனவே வித்தியாசம் முழுக்க சொந்த சேதப் பகுதியிலும் அதோடு ஒட்டும் கூடுதல் கவர்களிலும் இருக்கிறது. கண்ணை அங்கே வையுங்கள்.

முதலில் ஐ.டி.வி. கார் திருடு போனாலோ முழுதாக நொறுங்கினாலோ கம்பெனி தரும் உச்சத் தொகை இது. புது காருக்கு வழக்கமாக எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம். 9 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் காருக்கு 8,93,000. ஒப்பீட்டுத் தளத்தில் விலை வாரியாக அடுக்கினால் மேலே வந்து நிற்கும் பாலிசியில் இதுவே 7,60,000 என்று இருக்கக்கூடும். பிரீமியத்தில் ஒன்றிரண்டாயிரம் மிச்சம் பிடித்து, கார் தொலைந்த நாளில் 1,33,000 ரூபாயை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள். ஒப்பிடும் எல்லாப் பாலிசியிலும் ஐ.டி.வி.யை ஒரே தொகையாகப் போட்ட பிறகுதான் பிரீமியத்தைப் பார்க்க வேண்டும்.

அதே மாதிரி கவர்களையும் சமமாக்குங்கள். டீலர் கொட்டேஷனில் ஜீரோ டெப் (கிளைமில் தேய்மானம் கழிக்காதது), இன்ஜின் ப்ரொடெக்ட், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (கார் தொலைந்தால் வாங்கிய விலையைத் தருவது), சாவி, டயர் என்று எல்லாம் ஏற்றியிருப்பார். ஆன்லைன் பாலிசி வெறுமனே இருக்கும். "அங்கே பதினைந்தாயிரம் குறைவு" என்பதில் பாதி இதுதான். பெங்களூரில் ஜீரோ டெப்பும் இன்ஜின் ப்ரொடெக்ட்டும் வேண்டும் என்பேன். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலை, அவுட்டர் ரிங் ரோடு பக்கம் பேஸ்மென்ட்டில் நின்ற கார்கள் எத்தனை மூழ்கின என்பது நமக்குத் தெரியும். இன்ஜினில் தண்ணீர் போன பிறகு ஸ்டார்ட் செய்து ஏற்படும் சேதம் சாதாரண பாலிசியில் வராது. சாவி, டயர் கவர்களை விட்டுவிடலாம்.

15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உங்களிடம் ஏற்கெனவே இன்னொரு வண்டி மூலமோ தனியாகவோ இருந்தால், மறுபடி கட்டத் தேவையில்லை. தளத்தில் அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தே இருக்கும், எடுத்துவிடுங்கள். பழைய காரை விற்கிறீர்கள் என்றால் அதன் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) உங்களுடையது, காரோடு போய்விடாது. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சான்று வாங்கினால் புது காரின் சொந்த சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். எக்ஸ்சேஞ்சில் காரைத் தள்ளிவிடும் அவசரத்தில் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பெரிய தொகை இது, விடாதீர்கள்.

"சார், இன்சூரன்ஸ் எங்ககிட்ட எடுத்தாதான் இந்த டிஸ்கவுண்ட்" என்று ஷோரூமில் சொல்வார்கள். இன்சூரன்ஸை எங்கே எடுப்பது என்பது உங்கள் உரிமை, டீலர் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வெளியே எடுத்தால் தள்ளுபடியைக் குறைப்பார்கள் என்பதும் நடைமுறை. எனவே இரண்டு கொட்டேஷன் கேளுங்கள்: இன்சூரன்ஸோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இரண்டாவதோடு ஆன்லைன் பிரீமியத்தைக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் மூன்று நாலாயிரம்தான் என்றால் டீலரிடமே எடுத்துவிடலாம், கிளைம் நேரத்தில் சர்வீஸ் சென்டரே காகித வேலையைப் பார்த்துக்கொள்ளும். இருபதாயிரம் என்றால் தயங்காமல் வெளியே எடுங்கள். "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் (ரிப்பேர் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் வசதி) கிடைக்காது" என்ற மிரட்டலுக்கு, அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் உங்கள் சர்வீஸ் சென்டர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

லோன்

லோன் ஒப்பீட்டில் சதவீதத்தை மட்டும் பார்ப்பது தவறு. 8 லட்சம், ஐந்து வருடம். ஒருவர் "7 சதவீதம் பிளாட்" என்கிறார், அதாவது ஐந்து வருடமும் முழு 8 லட்சத்துக்கே வட்டி; இன்னொரு இடத்தில் 9 சதவீதம், குறையும் நிலுவையில், அதாவது மீதமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி. முதல் லோனில் மாதத் தவணை 18,000. இரண்டாவதில் சுமார் 16,600. ஐந்து வருடத்தில் 9 சதவீத லோனில்தான் எண்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். அந்த 7 சதவீத பிளாட், குறையும் நிலுவைக் கணக்கில் 12.5 சதவீதத்துக்குச் சமம். ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும். பிராசஸிங் கட்டணம் உட்பட உண்மையான ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். வட்டி தெரிந்துகொள்ளத்தானே என்று ஐந்து தளங்களில் விண்ணப்பம் போட்டால், ஒவ்வொன்றும் உங்கள் சிபில் (கடன் வரலாறு) அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகும், ஸ்கோர் இறங்கும். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் ஒன்று, டீலர் வழியாக ஒன்று போதும்.

போன் நம்பரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தத் தளங்களுக்கு வருமானமே உங்கள் விவரத்தை டீலருக்கும் வங்கிக்கும் கொடுப்பதில்தான். "விலை பெறுக" என்று அழுத்திய சில நிமிடத்தில் அழைப்பு வரும், பல நாள் தொடரும். விலையைப் பார்க்க நம்பர் கேட்காத பக்கத்தில் பாருங்கள். கேட்டால் வீட்டில் இருக்கும் இரண்டாவது சிம்மைக் கொடுங்கள். தொல்லை நிற்காவிட்டால் 1909-இல் புகார் செய்யலாம்.

புக்கிங் பணத்தைத் தளத்தில் வரும் லிங்க்கிலோ, விற்பனையாளரின் சொந்த யு.பி.ஐ.யிலோ கட்டாதீர்கள்; டீலரின் நிறுவனக் கணக்கில் மட்டும் கட்டி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தளத்தில் எங்குமே தெரியாத ஒன்றையும் பார்க்க வேண்டும்: கார் தயாரான மாதம். வருடக் கடைசியில் பெரிய தள்ளுபடி காட்டினால் ஸ்டாக் பழையதாக இருக்கலாம். மீதிப் பணம் கட்டும் முன் ஸ்டாக்யார்டுக்குப் போய் சேஸிஸ் நம்பரைப் பாருங்கள், தயாரான மாதமும் வருடமும் எழுதிய விற்பனைச் சான்றான படிவம் 21-ஐக் காட்டச் சொல்லுங்கள். ஆறேழு மாதம் பழையது என்றால் அதற்குத் தனியாகத் தள்ளுபடி கேளுங்கள், அல்லது புது ஸ்டாக் வரும்வரை காத்திருங்கள். பதிவு முடிந்த பிறகு இதைக் கேட்டால் எந்த டீலரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.