பல நாட்டு வங்கி சரியும்போது: வெள்ளி மாலைக்கு முன்பே முடித்து வைக்க வேண்டிய வேலைகள்

சரியும் பெரிய வங்கியைக் கையாள, வங்கிகளைக் கண்காணிக்கும் அதிகாரிகளான கண்காணிப்பாளர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வார இறுதிதான். வெள்ளி மாலை நியூயார்க் சந்தை மூடியதும் தொடங்கினால், ஆசியச் சந்தைகள் திறப்பதற்குள் அறிவிப்பு வந்தாக வேண்டும். அதற்குள் புதிதாகத் திட்டம் போட நேரம் இருக்காது.

முதலில், ஒவ்வொரு நாட்டிலும் இருப்பது கிளையா, துணை நிறுவனமா என்று பட்டியலிடுங்கள். துணை நிறுவனம் அந்நாட்டுச் சட்டப்படி தனி நிறுவனம்; கிளைக்குத் தனிச் சட்ட உருவம் இல்லை. ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கி பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் கிளைகள் வழியே ‘ஐஸ்சேவ்’ டெபாசிட் திரட்டியது. 2008இல் அது விழுந்தபோது டெபாசிட் காப்புத் தொகையைக் கொடுக்கும் பொறுப்பு ஐஸ்லாந்தின் சிறிய டெபாசிட் காப்பு நிதியத்தின் தலையில் விழுந்தது. வழக்கு 2013 வரை இழுத்தது.

அடுத்து, நஷ்டத்தை யார் சுமப்பது? உலக அளவில் முக்கியமான வங்கிகள், இடர் எடையிட்ட சொத்தில் (ஒவ்வொரு சொத்தையும் அதன் ஆபத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக் கணக்கிட்ட தொகை) குறைந்தது 18 சதவீதத்துக்கு, நஷ்டம் தாங்கும் மூலதனமும், தேவைப்பட்டால் ரத்து செய்யவோ பங்காக மாற்றவோ கூடிய கடன் பத்திரங்களும் வைத்திருக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை முக்கியமான வெளிநாட்டுத் துணை நிறுவனத்திலேயே முன்கூட்டி வைக்க வேண்டும். அந்தத் துணை நிறுவனத்தின் இடர் எடையிட்ட சொத்து 10,000 கோடி ரூபாய் என்று வையுங்கள். 18 சதவீதம் 1,800 கோடி. அதில் 75 முதல் 90 சதவீதம், அதாவது 1,350 முதல் 1,620 கோடி, அங்கேயே இருக்க வேண்டும். இதைக் குறைத்தால், நெருக்கடியில் அந்த நாட்டுக் கண்காணிப்பாளர் உள்ளூர்ப் பணத்தை வெளியே விடமாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது; அவருடைய டெபாசிட்தாரர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களை (வட்டி, நாணய மதிப்பு போன்றவற்றின் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்தவை) தனியாகப் பாருங்கள். 2008இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானதும் எதிர்த்தரப்பினர் ஒப்பந்தங்களை மொத்தமாக முறித்தது சேதத்தைப் பெருக்கியது. அதிகபட்சம் இரண்டு வேலை நாட்கள் முறிக்காமல் நிறுத்திவைக்கும் அதிகாரம் இப்போது உண்டு. ஆனால் நியூயார்க் அல்லது ஆங்கிலேயச் சட்டத்தில் எழுதிய ஒப்பந்தத்தை உங்கள் நாட்டுச் சட்டம் தானாகக் கட்டுப்படுத்தாது. அந்த ஷரத்து ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

பத்திரங்களின் ஷரத்துகளையும் வழக்கறிஞர்களோடு வரி வரியாகப் படியுங்கள். 2023 மார்ச் 19 அன்று சுவிட்சர்லாந்து வங்கியான கிரெடிட் சுவிஸின் சுமார் 1,600 கோடி பிராங்க் ஏடி1 பத்திரங்கள் (நெருக்கடியில் நஷ்டத்தை ஏற்கும் வகைக் கடன் பத்திரங்கள்) பூஜ்யமாக்கப்பட்டன. பங்குதாரர்களுக்கோ, அதை வாங்கிய யூபிஎஸ் வங்கியிடமிருந்து 300 கோடி பிராங்க் கிடைத்தது. 2025 அக்டோபரில் சுவிஸ் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அந்தப் பத்திர ரத்து சட்டப்படி செல்லாது என்றது. அமெரிக்க முதலீட்டாளர் கையில் உள்ள பத்திரத்தைப் பங்காக மாற்றுவதானால், அந்நாட்டுப் பங்குப் பத்திரச் சட்டத்தில் என்ன விலக்கு உண்டு என்பதையும் முன்பே கேட்டுவையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ரொக்கம். கடனைப் பங்காக மாற்றினால் மூலதனம் சரியாகும். மறுநாள் காலை பணம் எடுக்க வருபவருக்குக் கொடுக்க அது உதவாது. கிரெடிட் சுவிஸின் முதன்மை மூலதன விகிதம் 2022 முடிவில் 14.1 சதவீதம். ஆனாலும் அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் வாடிக்கையாளர்களின் 11,000 கோடி பிராங்குக்கு மேல் வெளியேறியது.

ஆகவே டாலர், யூரோ, பவுண்ட் என்று ஒவ்வொரு நாணயத்துக்கும் தனிப் பட்டியல் கேளுங்கள்: அடகு வைக்காத சொத்து எவ்வளவு, எந்த நிறுவனத்தின் பெயரில், எந்த மத்திய வங்கி ஏற்கும், எத்தனை மணி நேரத்தில் பணமாகும். முன்னறிவிப்பின்றிக் கேட்டு, 24 மணி நேரக் கெடு வையுங்கள். தர முடியாத வங்கியின் நெருக்கடித் திட்டத்தை அங்கீகரிக்காதீர்கள்.