போர் தண்ணீரில் உப்பு குளோரினேட்டர்: தோப்பு வீட்டு நீச்சல் குளத்தைப் பராமரிப்பது எப்படி?

"உப்புக் குளம் என்றால் குளோரினே தேவையில்லை" என்று சொல்லித்தான் பலரிடம் இந்த மெஷினை விற்கிறார்கள். அது சரியில்லை. தண்ணீரில் கரைந்த சாதாரண உப்பிலிருந்து மின்சாரத்தைக் கொண்டு குளோரின் தயாரிப்பதுதான் இந்த மெஷினின் வேலை. அதை மட்டும்தான் செய்யும். பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு), காரத்தன்மை (பிஹெச் சட்டென்று மாறாமல் தாங்கும் தன்மை), சுண்ணாம்பு மூன்றையும் நாம்தான் பார்க்க வேண்டும். கோபாலபுரம் தாண்டி பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் போர் தண்ணீரில் குளம் நிரப்புகிறவர்களுக்கு உப்பைவிட இந்த மூன்றுதான் தலைவலி.

1. போர் தண்ணீரைச் சோதியுங்கள்

ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருபவர் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்தப் பொருள்) மீட்டரை முக்கி ஒரு எண் சொல்வார். அது கடினத்தன்மை இல்லை. நமக்கு வேண்டியது கால்சியம், அதாவது சுண்ணாம்பின் அளவு. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்துத் தனியாகக் கேளுங்கள். குளத்தில் அது 200 முதல் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் செல்லின் (மெஷினில் குளோரின் உண்டாகும் பகுதி) தகடுகளில் வெள்ளையாகப் படியும். கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்க்க வசதி இருந்தால், பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். மழைநீரில் கால்சியம் இருக்காது. இதைவிட மலிவான வழி கிடையாது.

2. உப்புக் கணக்கு

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, வருவதை 1000 ஆல் பெருக்கினால் லிட்டர். 8 மீட்டருக்கு 4 மீட்டர், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 45,000 லிட்டர். பெரும்பாலான மெஷின்கள் 3000 முதல் 3500 பிபிஎம் வரை உப்பு கேட்கும். உங்கள் மெஷின் கையேட்டில் உள்ளதே முடிவு. 3200 வேண்டும் என்றால் 45,000 லிட்டருக்கு 144 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. போர் தண்ணீரில் ஏற்கெனவே கொஞ்சம் உப்பு இருக்கும் என்பதால் முதலில் இரண்டு மூட்டை போட்டு, அளந்து பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள். போடுவது எளிது, எடுப்பதற்குத் தண்ணீரைத்தான் திறந்துவிட வேண்டும்.

கல்லுப்பு வேண்டாம். அதோடு மக்னீசியமும் கால்சியமும் மண்ணும் சேர்ந்து வரும். அயோடின் கலக்காத, சுத்திகரித்த உப்பாகக் கேட்டு வாங்குங்கள். உப்பு போடும்போது குளோரினேட்டரை நிறுத்திவிட்டு, பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, அடியில் தங்கியதைப் பிரஷ்ஷால் கலக்கிவிடுங்கள். உப்பு செலவாகும் பொருள் இல்லை. குளோரின் வேலை முடிந்ததும் திரும்ப உப்பாகிவிடும். தெறிப்பதிலும் வழிவதிலும் பேக்வாஷிலும் (பில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுவது) போவதுதான் இழப்பு.

3. பிஹெச்: இதை விடவே கூடாது

உப்புக் குளத்தில் பிஹெச் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். செல்லில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை விரட்டிவிடுவது இதற்கு முக்கியக் காரணம். பிஹெச் ஏறினால் குளோரினின் வீரியம் குறையும், சுண்ணாம்பும் படியும். வாரம் இரண்டு முறை சோதித்து 7.2 முதல் 7.6க்குள் வையுங்கள்.

தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து கிட் வாங்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் கிட் மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். ரோஸ் நிறம் காட்டும் டிபிடி வகை நமக்கு வேண்டிய தனிக் குளோரினை (கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின்) சொல்லும். அது 2 முதல் 4 பிபிஎம் இருக்கட்டும். முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் எடுங்கள்.

பிஹெச்சை இறக்குவதற்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போதும். 10,000 லிட்டருக்கு 100 மில்லி என்று தொடங்கி, வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றிக் கலக்குங்கள். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பம்ப் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் குழாய்ப் பக்கம் மெதுவாக ஊற்றி, சில மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆசிட் கேனையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் விஷவாயு.

காரத்தன்மை 60 முதல் 80 பிபிஎம் போதும். குறைந்தால் சமையல் சோடா: 10,000 லிட்டருக்கு 170 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும்.

4. எவ்வளவு நேரம் ஓட்டுவது?

பாலக்காட்டு வெயிலில் 45,000 லிட்டர் குளம் ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரினை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 90 கிராம். மணிக்கு 15 கிராம் தரும் மெஷின் என்றால் ஆறு மணி நேரம். வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் இருக்க ஸ்டெபிலைசர் (சயனூரிக் ஆசிட்) 50 பிபிஎம் அளவில் வையுங்கள். தண்ணீர் ஓட்டம் இல்லாமல் செல் இயங்கக் கூடாது, ஹைட்ரஜன் உள்ளே தேங்கிவிடும். தண்ணீர் ஓட்டம் நின்றால் செல்லை நிறுத்தும் ஓட்ட சுவிட்ச் பழுதானால் அதை நேரடியாக இணைத்துவிட்டு ஓட்டும் எலக்ட்ரீஷியனை அனுமதிக்காதீர்கள்.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பது நம் பக்கத்து வழக்கம். குளத்துக்கு முன்னால் ஒரு ஷவர் கட்டாயம் வையுங்கள்; இல்லையென்றால் மணல் பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

5. செல்லைக் கழுவுவது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கோடையில் இன்னும் அடிக்கடி, கழற்றிப் பாருங்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைத்து வால்வுகளை மூடுங்கள். படிவு மெல்லியதாக இருந்தால் ஹோஸ் தண்ணீரே போதும். பிடிவாதமாக இருந்தால் நான்கு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட் கலந்து, நுரை அடங்கும் வரை, அதிகபட்சம் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் டைட்டானியம் தகட்டின் மேல்பூச்சு போய்விடும். பளிச்சென்று இருக்கட்டும் என்று மாதாமாதம் ஆசிட்டில் போடுவதும் அதே கேடுதான். அடிக்கடி படிகிறது என்றால் தவறு செல்லில் இல்லை, பிஹெச்சிலோ கால்சியத்திலோ இருக்கிறது.

6. கோடையும் மழையும்

மார்ச், ஏப்ரலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. சுண்ணாம்பு குளத்திலேயே தங்கும், போர் தண்ணீர் விட விட இன்னும் ஏறும். ஜூன் மழையில் குளம் வழிந்தால் உப்பு, காரத்தன்மை, ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்ந்து இறங்கும். 'உப்பு குறைவு' விளக்கு எரிந்ததும் மூட்டையைப் பிரிக்காமல் முதலில் கிட்டில் அளந்து பாருங்கள். செல்லில் படிவு இருந்தாலும் அதே விளக்குதான் எரியும்.

பேக்வாஷ் தண்ணீரை எங்கே விடுவது என்று கேட்பார்கள். தென்னங்குழிக்கு உப்பு போடுகிற ஊர்தான், எப்போதாவது தென்னைக்கு விட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாழைக்கும் மிளகாய்க்கும் விடாதீர்கள், கிணற்றுப் பக்கமும் வேண்டாம்.