மழைக்கால வேலிச்செடிக்கு மருந்தில்லாக் கவ்வாத்து

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குடியிருப்புத் திட்டத்தின் பொது வேலிச்செடியை வெட்ட ஆள் பிடிக்கிறீர்களா? ஈர இலையில் கத்தி வைக்க விடாதீர்கள், பூஞ்சணம் செடிக்குச் செடி தாவும். இலை காய்ந்த ஒரு முற்பகல் வரும்வரை பொறுங்கள். கத்தியைக் கொதிநீரில் சற்று நேரம் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சரிவாக வெட்டினால் தண்ணீர் தேங்காது. அடி அகலமாக, தலை ஒடுக்கமாக இருந்தால்தான் கீழ்க்கிளைக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிப் பழகியவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் தேயிலை மாதிரி மொட்டையடிக்க வேண்டாம், மூன்றிலொரு பங்கு போதும் என்று முதலே சொல்லிவிடுங்கள். நோயில்லாத கழிவைச் சரிவிலேயே பரப்பினால் மண் ஓடாது. அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு இறங்குங்கள்.