எடை குறைந்த குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு: சூடு, பால், கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. பிறப்பு எடை 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். வாயால் பால் குடித்து, எடை ஏறத் தொடங்கி, உடல் சூடும் தானாக நிலைத்த பிறகுதான் எஸ்.என்.சி.யூ.வில் (ஆஸ்பத்திரியில் பச்சைக்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு) இருந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அதோடு ஆபத்து முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இதுவரை வார்மரும் நர்சும் பார்த்ததை இனி வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: சூடு

எல்லாவற்றையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பச்சைக்குழந்தைக்கு அது வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு பெறும். அந்தக் கொழுப்பு சேருவது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில். முன்னதாகவே பிறந்த குழந்தையிடம் அது கொஞ்சமே இருக்கும், தோலும் மெல்லியது. கொழுப்பை எரிக்க ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். அதனால் குளிர்ந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும், துவண்டு போகும், பால் குடிக்காது. குடிக்காததால் சர்க்கரை இன்னும் இறங்கும், பிறகு மூச்சும் தடுமாறும். ‘காலையிலிருந்து நல்லா தூங்குறான்’ என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இத்தனையும் நடந்துவிடலாம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் (97.7 முதல் 99.5 ஃபாரன்ஹீட்) காட்ட வேண்டும். கருவி இல்லாவிட்டால் உங்கள் கையின் பின்புறத்தால் குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக இருந்து கால் சில்லென்றிருந்தால் உடனே மார்போடு அணையுங்கள். இரண்டுமே சில்லென்றிருந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

படி 2: கங்காரு அணைப்பு

1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தொடங்கிய முறை இது. இன்று உலக சுகாதார நிறுவனம் குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இதைப் பரிந்துரைக்கிறது.

குழந்தைக்குக் குல்லா, காலுறை, நாப்கின் மட்டும் போதும். அம்மாவின் இரண்டு மார்புகளுக்கும் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். கைகால் தவளை போல மடங்கி இருக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். தாடை நெஞ்சில் இடிக்கும்படி தலை குனிந்தால் மூச்சுப்பாதை அடைபடும். மென்மையான பருத்திப் புடவையால் குழந்தையின் காதளவு வரை சுற்றிக் கட்டி, மேலே முன்பக்கம் திறக்கும் சட்டை போடலாம். குழந்தையின் வயிற்றுப் பகுதியில் மட்டும் கட்டு இறுகக் கூடாது.

ஒரு தடவை அணைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காதீர்கள். எடுத்து எடுத்து வைப்பதே குழந்தையைக் களைப்பாக்கிவிடும். அம்மா சாய்ந்து உட்காரலாம், நடக்கலாம். அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் அப்பாவோ பாட்டியோ அணைக்கலாம்.

படி 3: பால்

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒத்துப்போவது கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 34 வாரத்தில்தான். அதுவரையும், அதற்குப் பின் மார்பில் சீக்கிரம் களைத்துப்போகும் குழந்தைக்கும், பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையில் (சங்கு போல மூக்குள்ள சின்னக் கிண்ணம்) கொடுப்பதே வழி. ஃபீடிங் பாட்டில் வேண்டாம்.

பால் பிழிய, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்துங்கள். பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலின் மேல் விரலை வழுக்கித் தேய்த்தால் வலிக்கும், பாலும் வராது. இரவு உட்பட நாளுக்கு 8 தடவையாவது பிழிந்தால்தான் சுரப்பு குறையாது. பிழிந்த பால் வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும். எடுக்கும்போது கிண்ணத்தை வெந்நீரில் வைத்துக் குளிர் போக்கினால் போதும். அடுப்பில் காய்ச்சக் கூடாது.

எவ்வளவு கொடுப்பது? முதல் நாட்களில் குறைவாகத் தொடங்கி, முதல் வாரம் முடிவதற்குள் அல்லது அதை ஒட்டி, கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 முதல் 180 மி.லி. வரை கொண்டுபோவார்கள். உதாரணமாக 1.8 கிலோ குழந்தைக்கு 160 வீதம் 288 மி.லி. இரண்டு மணிக்கொரு தடவை என்றால் 12 தடவை, தடவைக்கு 24 மி.லி. டிஸ்சார்ஜ் சீட்டில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பாலாடையைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் 10 நிமிடமாவது கொதிக்க வையுங்கள். குழந்தை விழித்திருக்க வேண்டும். தலை உயர, மடியில் சாய்த்துப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் வாயோரத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. அவசரமாக ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். அரை மணி நேரம் கடந்தும் முடியவில்லை என்றால் குழந்தை களைத்துவிட்டது என்று பொருள். அது தினமும் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிறந்த சில நாட்களில் எடை பத்து சதவீதம் வரை குறையும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்பும். பிறகு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் ஏறினால் நல்லது. எப்போதும் அதே தராசில், துணியில்லாமல் நிறுத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

வைட்டமின் டி நாளொன்றுக்கு 400 யூனிட் எழுதித் தருவார்கள். 1 மி.லி.யில் 400 உள்ள பாட்டிலும் 800 உள்ள பாட்டிலும் கடையில் உண்டு. பாட்டில் மாறினால் அளவும் மாறும், லேபிளைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

படி 4: கிருமி அண்டாமல்

தொடும் ஒவ்வொருவரும் மோதிரம், வளையலைக் கழற்றி முழங்கை வரை சோப்பால் கழுவ வேண்டும். தொப்புளில் எதையும் பூச வேண்டாம், காய்ந்து தானாக விழட்டும். 2,500 கிராம் தாண்டும் வரை தலைக்கு ஊற்றுவதும் வேண்டாம். வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும்.

சேனை, கழுதைப்பால், தேன், வசம்பு எதுவும் நாக்கில் படக் கூடாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொக்கம் எடுப்பது, சாம்பிராணி போடுவது ஆகியவை இந்தக் குழந்தைகளுக்கு நேரடி ஆபத்து. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகும். பெரியவர்களிடம் சண்டை வேண்டாம், ‘டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டார்’ என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: மஞ்சள்

பகல் வெளிச்சத்தில் நெற்றி, நெஞ்சு, பாதத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். முகத்தில் தொடங்கும் மஞ்சள் கீழிறங்க இறங்க, ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவு கூடுகிறது என்று பொருள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலும் அன்றே ரத்தப் பரிசோதனை தேவை. நிறைமாதக் குழந்தை தாங்கும் பிலிருபின் அளவே குறைமாதக் குழந்தையின் மூளையைப் பாதிக்கலாம். காலை வெயிலில் காட்டுவது ஒளி சிகிச்சைக்கு ஈடாகாது. துணியில்லாமல் காட்டும்போது சூடும் போய்விடும்.

படி 6: உடனே கிளம்ப வேண்டிய நேரம்

5, 10 விநாடி மூச்சு நின்று, நிறம் மாறாமல் தானாகத் தொடர்வது குறைமாதக் குழந்தைகளிடம் சகஜம். 20 விநாடி நின்றாலோ, நேரம் எவ்வளவானாலும் உதடு நீலமானாலோ சகஜமில்லை. உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்து எழுப்புங்கள். குலுக்காதீர்கள். மூச்சு திரும்பினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, விலாவுக்குக் கீழே உள்ளிழுப்பு, முனகல், பால் மறுப்பு, துவண்டு கிடப்பது, வலிப்பு, 37.5-க்கு மேல் காய்ச்சல் ஆகிய எதுவானாலும் 108-ஐ அழையுங்கள். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ குடல் அழற்சியாக இருக்கலாம். பால் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். வழியிலும் குழந்தை மார்போடுதான் வர வேண்டும்.

படி 7: கண் பரிசோதனை

2,000 கிராமுக்குக் கீழே அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் விழித்திரைப் பரிசோதனை உண்டு. பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் கீழோ பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. விழித்திரையில் கோளாறு இருந்தாலும் கண் வெளியே பார்க்கத் தெளிவாகவே இருக்கும், அதனால்தான் பலர் தள்ளிப் போடுகிறார்கள். விழித்திரை பிரிந்த பிறகு பார்வையை மீட்பது மிகக் கடினம். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். காது பரிசோதனைக்கும் அப்போதே தேதி கேளுங்கள்.